இரண்டு கல்லூரிகளும் ஒரு தாத்தாவும்

ஈஜிபுரா, பெங்களூரு
12 ஜனவரி 2025

அன்புள்ள விஜி அண்ணாவுக்கு,

ஜெய்பீம். சங்கமித்ரா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். புனேயில் குளிர் எப்படி? உன் மூக்கடைப்பு எப்படி?

போன் இருக்கும்போது எதற்கு இவள் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். நீ மாதத்துக்கு ஒருமுறை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "நல்லா இருக்கேன், வேலை இருக்குது, வெச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறாய். எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. அதனால் பெரியம்மாவிடம் உன் முகவரி வாங்கினேன்.

விஷயம் இதுதான். கிராஃபிக் டிசைன் டிகிரிக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பம் போடுகிறேன். ஒன்று நீ படிக்கும் கல்லூரி. இன்னொன்று இங்கேயே, ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடக்கிறது. ஆரம்பித்து நாலு வருஷம்தான் ஆகிறது. வருஷத்துக்கு இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் வைத்திருக்கிறேன். என் மனசெல்லாம் புனேதான்.

அப்பாவுக்கு டிசைன் என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. "விஜி படிக்கிறான் இல்லே, அப்போ நல்ல படிப்புதான்" என்கிறார். அண்ணன் இருக்கிற ஊர் என்பதால்தான் என்னை அவ்வளவு தூரம் அனுப்பவே ஒப்புக்கொண்டார். ஏ.சி. ரிப்பேர் பண்ணப் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆக, என் சீட்டில் பாதி நீதான். மனதில் வைத்துக்கொள்.

எனக்கு மூன்று விஷயம் தெரியவேண்டும். போர்ட்ஃபோலியோவில் எதை வைத்தால் எடுப்பார்கள்? இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? ஒழுங்காகப் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சங்கமித்ரா


புனே
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை சங்காவுக்கு,

ஜெய்பீம். சித்தப்பா, சித்தியை நான் சுகம் கேட்டதாகச் சொல். எனக்கு மூக்கடைப்பு போய்விட்டது, இருமல் வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. என் போன் உடைந்து பல மாதம் ஆகிறது. இல்லாமலே பழகிவிட்டது. கடிதம்தான் எனக்கும் வசதி. இனி ஹாஸ்டல் முகவரிக்கு எழுதாதே, அங்கே தபால் தொலைந்துபோகிறது. உறையின் மேல் உள்ள அறை முகவரிக்கு எழுது.

போர்ட்ஃபோலியோவுக்கு எதையெதையோ வரைந்து குவிக்காதே. பூ, பறவை, நடிகர் முகம் எல்லாம் எல்லாரும் கொண்டுவருவார்கள். உன்னிடம் இருப்பது அவர்கள் யாரிடமும் இல்லை. நம் ஊர் கோலார் தங்கவயலை வை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு, ஷாஃப்ட்டின் இரும்புச் சக்கரம், கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஆட்கள். நடுவில் தலை விளக்கோடு தாத்தா. பெரியதாக, கரித்துண்டில் வரை. முகத்தில் பாதி இருட்டாக இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன் நான் வைத்தது அதுதான். பத்து நிமிஷத்தில் சீட் கொடுத்துவிட்டார்கள்.

இன்டர்வியூவிலும் அதைத்தான் கேட்பார்கள். தாத்தாவைப் பற்றி நிதானமாகச் சொல். நிறுத்தி நிறுத்திச் சொல்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். வேலையில் போகிறது. காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஏழாகிறது. கை நிறைய மை.

பரீட்சைக்குப் படி. டிசைன் டிசைன் என்று கணக்கில் கோட்டை விட்டுவிடாதே.

அண்ணன்,
விஜய்குமார்


ஈஜிபுரா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். எல்லாரும் நலம். அம்மாவின் கார்மென்ட்ஸில் ஓவர்டைம் நடக்கிறது, அதனால் நம் வீட்டுச் சமையல் இப்போது அப்பா. நாங்கள் எவ்வளவு நலமாக இருப்போம் என்று நீயே யோசித்துக்கொள்.

நீ சொன்னபடி தாத்தாவை நாலு தாளில் வரைந்துவிட்டேன். அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கினதே கிடையாதே? கேன்டீனில் டீ போட்டவர்தானே? தலை விளக்கோடு அவர் இருக்கிற அந்த ஒரே போட்டோவும் ரிட்டயர் ஆன அன்றைக்குப் பக்கத்து லைன் வீட்டுக்காரரின் தொப்பியை விளையாட்டுக்கு மாட்டிக்கொண்டு எடுத்தது என்று பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானோ மைனை மூடி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள். நான் ஷாஃப்ட்டைப் பார்த்தது ஒரு தடவை, அதுவும் ரயில் ஜன்னலிலிருந்து.

இருந்தாலும் படம் பிரமாதமாக வந்திருக்கிறது. கண்ணைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அனுப்பிவிடப் போகிறேன். யார் கேட்கப்போகிறார்கள்?

ரிச்சர்ட்ஸ் டவுன் கல்லூரிக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். யாருக்காவது உண்மையில் பயன்படுகிற ஒன்றைச் செய்து, அவர்களிடம் கொடுத்துப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதவேண்டுமாம். எதிர்வீட்டு வள்ளியம்மா அக்கா பூக்கட்டி விற்பவர், படிக்கத் தெரியாது, ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. எந்த மாத்திரை எப்போது என்று படமாகப் போட்டு ஒரு அட்டை செய்து கொடுத்திருக்கிறேன். காலைக்கு ஒரு சூரியன், மதியத்துக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு நிலா. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். அதற்கு இது போதும்.

உன் வகுப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? ஆசிரியர்கள் எப்படி? கூடப் படிப்பவர்கள் எப்படி? இருமலுக்கு மருந்து சாப்பிடு.

உன்,
சங்கா


புனே
23 மார்ச் 2025

அன்பு சங்கா,

ஜெய்பீம். தாமதத்துக்கு மன்னிக்கணும். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நான் நலம்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். பெங்களூரே போதும். வீட்டுச் சாப்பாடு, சித்தியும் பக்கத்தில் இருப்பார்கள். புனே ரொம்ப தூரம். இங்கே இந்தி வேறு. புதுக் கல்லூரி என்றால் ஆசிரியர்கள் கவனித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு உன் நன்மைதான் முக்கியம்.

ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்.

விஜி


ஈஜிபுரா
30 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

டிக்கெட் எடுத்தாயிற்று. ஏப்ரல் 19 சனிக்கிழமை இன்டர்வியூ. நானும் அப்பாவும் அன்று காலை வந்து இறங்குகிறோம்.

ஐந்து வாரம் கழித்து எட்டு வரி எழுதுகிறாய், அதிலும் வீட்டுச் சாப்பாடு! மூன்று வருஷத்துக்கு முன் நீ கிளம்பும்போது பெரியம்மா இதையேதான் சொன்னார்கள். "சோறு எங்கேயும் கிடைக்கும்மா, அந்தக் காலேஜ் எங்கே கிடைக்கும்?" என்றவன் நீ. நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கச்சி ஒருத்தி வந்து நின்றால் நண்பர்களோடு சுற்றமுடியாது என்று பயமா? நான் பாட்டுக்கு இருப்பேன். உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். அல்லது நம் குடும்பத்தில் ஒரு ஆர்ட்டிஸ்ட் போதும் என்று நினைக்கிறாயா? அப்படியானால் நேராகச் சொல். பிடிக்காது, ஆனால் புரியும்.

எனக்கு அந்தக் கல்லூரி வேண்டும். வருகிறேன். ஸ்டேஷனில் நின்றால் சந்தோஷம். நிற்காவிட்டாலும் வழி கேட்டுப் போய்விடுவேன்.

சங்கமித்ரா


ஈஜிபுரா
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீ வாங்கிக்கொடுத்த இனிப்புப் பெட்டியை அப்பா பாதி ரயிலிலேயே காலி செய்துவிட்டார். நீ இளைத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அப்பா சொல்லிவிட்டார்.

உள்ளே நடந்ததை அன்றைக்கு உன்னிடம் முழுக்கச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் நாலு படங்களையும் மேஜையில் பரப்பினார்கள். மூன்று பேர் இருந்தார்கள். "உன் தாத்தாவைப் பற்றிச் சொல்" என்றார் ஒரு மேடம். நான் வாயைத் திறந்தேன். தாத்தா பாறை சரிந்து இரண்டு நாள் உள்ளேயே கிடந்து உயிரோடு வந்தார் என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்த இரண்டு நாள் என்று எனக்கே தெரியாது. நீ சொன்ன மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியே வரும்போது எனக்கு அவமானமாக இல்லை அண்ணா. பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அவமானமாக இருக்கிறது.

அடுத்து உன் விஷயம். கேட்டில் வாட்ச்மேன் ஐ.டி. கார்டு கேட்டபோது, "ரூம்ல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று அப்பாவோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாய். நானும் நம்பினேன். உள்ளே வராந்தாவில் மூன்றாம் வருஷத்துக்காரர்களின் ஜூரித் தேர்வு நேரப் பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டு பெயர். உன் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே இரண்டு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை தேடினேன். பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். "விஜய்யா? அவன் செகண்ட் இயரிலேயே வருவதை நிறுத்திவிட்டானே" என்றாள்.

அப்பா டீக்கடையில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவளை உன் கையில ஒப்படைக்கிறேன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ தலையை ஆட்டினாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரயிலில் பதினெட்டு மணி நேரம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவலி என்றேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷமாக நீ எங்கே போகிறாய், என்ன செய்கிறாய்? எதற்கு விட்டாய்? எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. எழுது.

உன் தங்கை,
சங்கா


புனே
18 மே 2025

அன்பு சங்காவுக்கு,

ஜெய்பீம். உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஸ்வீட் பாக்ஸ் அச்சடிக்கும் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். உங்களுக்கு வாங்கிக்கொடுத்த பெட்டியின் மூடி டிசைன் நான் போட்டதுதான். சம்பளம் வருகிறது, சாப்பிடுகிறேன். கெட்ட வழியில் போகவில்லை. போன் இருக்கிறது. யாராவது வீடியோவில் கூப்பிட்டால் என்ன காட்டுவேன் என்றுதான் உடைந்தது என்று சொன்னேன்.

நான் ஃபெயில் ஆகிப் படிப்பை விடவில்லை. அதைத்தான் நீ நினைத்திருப்பாய். முதல் வருஷம் போட்ட எல்லாப் பாடத்துக்கும் சுரங்கத்தையே கேட்டார்கள். போஸ்டர் என்றால் சுரங்கம், புத்தகம் என்றால் தாத்தா. கேட்டார்கள் என்பதும் சரியில்லை. நான் கொடுத்தேன், அவர்களுக்குப் பிடித்தது, மறுபடி கொடுத்தேன். நம் தாத்தாவிடம் ஏது அவ்வளவு சுரங்கம்? தீர்ந்துபோயிற்று. பிறகு நானே உண்டாக்கினேன். இரண்டாம் வருஷம் அவர் டைரி எழுதினார் என்று சொல்லி முப்பது பக்கம் நானே எழுதி, பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஜூரியில் வைத்தேன். ஜூரி என்றால் செய்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லவேண்டிய தேர்வு.

அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு ஓவியர் அம்மா வந்திருந்தார்கள். நம் தங்கவயல் மாரிகுப்பத்தில் பிறந்தவராம். பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தமிழில் கேட்டார்கள். "தம்பி, தாத்தா எந்த ஷாஃப்ட்டுப்பா? எத்தினியாவது லெவல்ல வேலை?" எனக்கு ஒன்றும் வரவில்லை. நம் ஊரில் அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரிகிற பதில். அவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். "சரி, பரவால்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மூடி வைத்தார்கள். சுற்றி இருந்த யாருக்கும் எதுவும் புரியவில்லை.

அந்த ஜூரியில் எனக்குத்தான் அதிக மார்க். கைதட்டினார்கள். மறுநாள் என்னால் போக முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் முடியவில்லை.

மன்னிச்சிடு.

விஜி


ஈஜிபுரா
27 மே 2025

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அழுதேன். பிறகு கோபம் வந்தது. உன்னை அந்த நிலைக்குக் கொண்டுபோன அதே தாத்தாவையே எனக்கும் கொடுத்து அனுப்பினாயே, எப்படி மனசு வந்தது?

பதில் எனக்கே தெரியும். எனக்கு எப்படியாவது சீட் கிடைக்கவேண்டும் என்று நினைத்தாய். கிடைத்துவிட்டது. நேற்று புனேயிலிருந்து மெயில் வந்தது. பட்டியலில் நான் நான்காவது. அப்பா தெரு முழுக்க மைசூர்பா கொடுத்தார்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலும் கிடைத்திருக்கிறது. அங்கே நடந்ததைக் கேள். வள்ளியம்மா அக்காவின் அட்டையை எடுத்து வைத்தேன். ஒரு சார் கேட்டார். "இதை அவங்க உபயோகிச்சாங்களா? எங்கே தப்பாச்சு?" தப்பாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் பெயர் இல்லாத அந்தப் பட்டியல் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னேன். அக்கா மதிய மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொண்டார். இரண்டு சூரியனும் அவருக்கு ஒன்றுதான். நல்லவேளை, வெறும் சத்து மாத்திரை. "ஏங்கண்ணு, நான் சூரியனைப் பார்த்தா மாத்திரை போடறேன்? அதைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்?" என்று என்னையே திட்டினார்.

அந்த சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, "நாற்பது நிமிஷம். சரி பண்ணு" என்றார். பால் பாக்கெட், பூக்கூடை, டி.வி. என்று அக்காவின் நாளையே வரைந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. யாரும் என் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் அது பங்களாதான் அண்ணா. நூலகம் என்று ஒரு அலமாரியைக் காட்டினார்கள். உன் கல்லூரியில் பார்த்த அச்சுக்கூடத்தை நினைத்தால் ஆசையாக இருக்கிறது. இரண்டுக்கும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் ஜூன் 14. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். நான் சொன்ன பொய்யை அப்பாவிடம் நானே சொல்வேன். உன்னுடையதை நீதான் பெரியப்பாவிடம் சொல்லவேண்டும். நான் போட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இனி உனக்காகத் தலைவலி என்றும் சொல்லமாட்டேன்.

சாப்பிடு. இளைக்காதே.

சங்கா


புனே
5 ஜூன் 2025

அன்பு சங்கா,

ஜெய்பீம். நலம். மழை தொடங்கிவிட்டது.

என்னைப் பார்த்து புனேயை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. இது நல்ல கல்லூரி. பயந்துபோய்ச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆசிரியர்கள் நல்லவர்கள். அந்த அச்சுக்கூடம் மாதிரி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது. ஒருநாளாவது, "சார், எனக்கு ஸ்வீட் பாக்ஸ் பண்ணத்தான் ஆசை" என்று சொல்லியிருந்தால், பண்ணு என்றிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

நீ அவர்களுக்கு எழுதி உண்மையைச் சொல்லிவிட்டு வா. நான்காவது இடத்தை யாரும் சும்மா விடக்கூடாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விஜி


ஈஜிபுரா
16 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். அனைவரும் நலம், ஆனால் அப்பா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. இன்று காலைதான், "சட்னில உப்பு போதுமா?" என்று கேட்டார்.

நீ சொன்னபடி புனேக்கு எழுதினேன். தாத்தா சுரங்கத்துக்குள் வேலை செய்யவில்லை, கேன்டீனில் டீ போட்டார், நான் சொன்ன கதை பொய், படங்கள் மட்டும் என்னுடையவை என்று எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. கோபமே இல்லை. உன் நேர்மையைப் பாராட்டுகிறோம், சீட் உன்னுடையதுதான், கேன்டீன் என்பது சுரங்கத்தைவிடப் புதிதாக இருக்கிறது, உன் முதல் ப்ராஜெக்டாக அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்து முதலில் துள்ளிக் குதித்தேன். சாயங்காலம் மறுபடி படித்தேன். தாத்தாவைக் கூண்டிலிருந்து இறக்கி அடுப்படியில் உட்காரவைத்தாயிற்று, அவ்வளவுதான். அவர்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். நான் வேறு ஏதாவது கேட்டால் விடுவார்கள் என்று நீ சொல்வதும் சரியாக இருக்கும். ஆனால் நான் கேட்பேனா? அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றியபோது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். மறுபடி அது கிடைக்கும் என்றால் தாத்தாவுக்கு முப்பது பக்க டீக்கணக்கே எழுதிவிடுவேன்.

அன்றே அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்து, உன் விஷயம் தவிர எல்லாம் சொன்னேன். அப்பா டி.வி.யை அணைத்தார். சீட்டை விடப்போகிறேன் என்பதற்குத்தான் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அதற்குள் போகவே இல்லை.

"எங்கப்பா கையால டீ குடிக்காம ஒரு ஷிஃப்ட்டும் கீழ இறங்கினதில்ல. முப்பத்தோரு வருஷம். உள்ள போனவன் திரும்பலன்னா, அவன் டம்ளரைத் தனியா எடுத்து வெப்பாரு. அது உங்களுக்குப் போதலையா? அவரு தலையில எதுக்கு அடுத்தவன் தொப்பி?"

அப்புறம்தான், "ஊரெல்லாம் புனேன்னு சொல்லி வெச்சிருக்கேனே" என்றார். "நான் போய்ச் சொல்றேன், வீடு வீடா" என்றேன். சொன்னேன். வள்ளியம்மா அக்கா மட்டும், "ரொம்ப நல்லது, அந்த அட்டையில இன்னும் ஒரு தப்பு இருக்குது, வா" என்றார்.

13ஆம் தேதி ரிச்சர்ட்ஸ் டவுனில் ஃபீஸ் கட்டிவிட்டேன். உன்னைப் பார்த்துப் பயந்து அல்ல. வீட்டுச் சாப்பாட்டுக்காகவும் அல்ல. "எங்கே தப்பாச்சு?" என்று கேட்பவர்களிடம் நாலு வருஷம் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. பெயர் தெரியாத கல்லூரிதான். பரவாயில்லை, நான் தெரியவைக்கிறேன்.

எல்லாம் சொன்ன அன்று கடைசியில் அப்பா ஒன்று கேட்டார். "அண்ணன் இருக்கிற காலேஜை வேணாம்ன்றே, அவனோட ஏதாச்சும் சண்டையா?" "அதை அவனைக் கேளுங்க" என்றேன். ஜூலை முதல் வாரம் தங்கவயலுக்குப் போய்ப் பெரியப்பாவோடு பேசப்போகிறாராம். அதற்கு முன்னால் நீ போய்விடு.

உன் தங்கை,
சங்கமித்ரா


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
7 ஜூலை 2025

அன்புத் தங்கை சங்காவுக்கு,

ஜெய்பீம். எல்லாரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால், கொஞ்சம் கொஞ்சமாக.

வியாழக்கிழமை வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று பயம். அம்மா அழுதார்கள். அப்பா இரண்டு நாள் என் பக்கம் பார்க்கவில்லை. சித்தப்பா சனிக்கிழமை வந்தார், அப்பாவோடு வெளியே நடந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

நேற்று ஞாயிறு, நம் புத்த விகாரையில் வந்தன வழிபாடு. அப்பா, "கிளம்பு" என்றார். எனக்கு சீட் கிடைத்தபோது அங்கே எல்லாரும் கூடி எனக்குச் சால்வை போட்டு வழியனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? வந்தனம் முடிந்ததும் அப்பா எழுந்து, "எம்புள்ள உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் நிஜமாகவே உள்ளே இறங்கி வேலை பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் நின்று, தாத்தாவின் பேரில் டைரி எழுதினேன் என்று சொன்னேன் சங்கா. அந்த ஜூரி இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. யாரும் கைதட்டவில்லை. முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவும் இல்லை.

பின்வரிசையிலிருந்து தியோடர் மாமா கேட்டார். அவர் சர்ச்சுக்காரர், அப்பாவோடு பேச வந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். "சரிடா, ஆனது ஆச்சு. அதுக்கோசரம் படிப்பை விட்டுடுவியா? அடுத்தது எந்தக் காலேஜ்?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்குக் கல்லூரியின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். நேற்று, "இன்னும் முடிவு பண்ணல மாமா. ரெண்டு மூணு இடம் பார்த்து வெச்சிருக்கேன். ஆனா இந்தத் தடவை தாத்தாவைக் கூட்டிகினு போகமாட்டேன்" என்றேன்.

முதலில் சிரித்தது அப்பா.

உன் அண்ணன்,
விஜய்குமார்